நஞ்சறியும் கருவி முதலில் யாரிடம் சேர வேண்டும்?

நம் வட்டாரத்தில் நோயைத் தீர்ப்பதற்கும் பூச்சியைக் கொல்வதற்கும் ஒரே சொல்தான் வழங்குகிறது. மருத்துவர் எழுதிக் கொடுப்பதும் மருந்து. முதுகில் டேங்கைச் சுமந்துகொண்டு பருத்திக் காட்டில் தெளிப்பதும் மருந்து. பேச்சில் இது யாருக்கும் குழப்பம் தருவதில்லை. ஆனால் அவசரச் சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் எங்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் ஒரு கணம் நின்று, எந்த மருந்து என்று கேட்கும் பழக்கம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மாலைப் பொழுதில், ஐம்பது வயது மதிக்கத்தக்க விவசாயத் தொழிலாளி ஒருவரை அவருடைய மனைவி ஆட்டோவில் அழைத்துவந்தார். அவர் வாயிலிருந்து எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது. சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. கண்ணின் பாவைகள் ஊசிமுனையளவு சுருங்கியிருந்தன. தோளிலும் தொடையிலும் தசைகள் தாமாகத் துடித்தன. “இன்றைக்கு ஏதாவது மருந்து சாப்பிட்டாராம்மா?” என்று கேட்டேன். “சாப்பிடலைய்யா, காலையிலேயிருந்து அடிச்சாக” என்றார் அந்த அம்மா. அதற்குமேல் நாங்கள் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

அவர் பிழைத்துக்கொண்டார். வீடு திரும்பும் நாளில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்: “அது எம் மேல ஏறிக்கிட்டே இருந்திருக்கு. எனக்கு ஏன்யா தெரியல?” அன்று அவருக்கு நிறைவான விடை சொல்ல என்னால் இயலவில்லை.

நோயாளிகளைப் பார்க்க வரும் குடும்பத்தாரிடமிருந்து வேறொரு கேள்வி அடிக்கடி வரும். “டாக்டர், இராசபாளையம் மாம்பழம் கொடுக்கலாமா? மருந்தடித்ததென்று சொல்கிறார்களே.” “திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவில் மாட்டுத் தீவனத்தின் வழியாக மருந்து வந்திருக்குமா?” இவையும் நியாயமான கேள்விகளே.

உயிரோடிருக்கும் செடியிலும் விலங்கிலும் பூச்சிக்கொல்லி இருக்கிறதா என்பதை, அவற்றை வெட்டாமலும் கொல்லாமலும் அறியும் கருவிகள் இப்போது உலகெங்கும் உருவாகிவருகின்றன. இவ்விரு கேள்விகளுக்கும் விடை தரும் ஆற்றல் அவற்றுக்கு உண்டு. எந்தக் கேள்விக்கு முதலில் விடை காணப் போகிறோம் என்பதைப் பற்றியே இக்கட்டுரை.

நோயின் இயல்பை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் நரம்பு ஒரு தசைக்குக் கட்டளையிடும்போது அசிட்டைல்கோலின் என்னும் பொருளைச் சுரக்கிறது. கட்டளை முடிந்ததும் அப்பொருளை உடனே சிதைத்து அப்புறப்படுத்தும் வேலையைக் கோலினெஸ்டரேஸ் என்னும் என்சைம் செய்கிறது. மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ், புரொபெனோபாஸ் முதலான ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லிகள் இந்த என்சைமைப் பற்றிக்கொண்டு செயலிழக்கச் செய்கின்றன. கட்டளை ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. பூச்சி இப்படித்தான் சாகிறது. மனிதனுக்கும் அதே வழியில்தான் கேடு வருகிறது. எச்சில், கண்ணீர், வியர்வை பெருகுவதும், தசை துடிப்பதும், இறுதியில் மூச்சு தடைப்படுவதும் இதனால்தான். அட்ரோபின் என்னும் மாற்று மருந்தைக் கொடுத்து, தேவைப்பட்டால் செயற்கைச் சுவாசக் கருவியில் வைத்து, உடல் மீளும்வரை நாங்கள் காத்திருக்கிறோம்.

இந்நஞ்சு வாய்வழியாக மட்டும் புகுவதில்லை. தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் புகும். காற்றுக்கு எதிராக நின்று தெளிப்பவர், ஒழுகும் டேங்கை முதுகில் சுமப்பவர், நனைந்த சட்டையோடு மாலைவரை நிற்பவர் ஆகியோர் ஒரு சொட்டும் குடிக்காமலே நாள் முழுவதும் நஞ்சை உடலில் ஏற்றிக்கொள்கிறார்கள். அதற்கு வலி இல்லை. பலவேளைகளில் எரிச்சல்கூட இல்லை. தலைவலியும் மயக்கமும் வந்தால் வெயில் என்று எண்ணிக்கொள்கிறார்கள். “எனக்கு ஏன் தெரியவில்லை” என்று அவர் கேட்டதன் காரணம் இதுவே.

இனி, புதிய கருவிகளைப் பார்ப்போம். காய், கனி, இலைகளில் பூச்சிக்கொல்லி எச்சத்தை அறிய இதுவரை கையாளும் முறை, அவற்றைப் பறித்து, அரைத்து, கரைப்பானில் கலந்து, ஆய்வகத்தின் பெரிய கருவிகளில் செலுத்துவதாகும். கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் அவ்வசதி உண்டு. முடிவு நம்பத்தக்கது. ஆனால் அரைத்த இலையை மறுநாள் மீண்டும் அளக்க முடியாது. இறந்த மீனிடம் நாளைய நிலையைக் கேட்கவும் முடியாது. மேலும், சில பூச்சிக்கொல்லிகள் இலையின் மேல் தங்குவதோடு நில்லாமல் செடியின் சாற்றில் கலந்து உள்ளெங்கும் பரவுகின்றன. இமிடாகுளோபிரிட், தையாமீத்தாக்சாம், அசிபேட், மோனோகுரோட்டோபாஸ் ஆகியவை அவ்வகை. அவை எத்தனை நாளில் குறைகின்றன என்பதை அறிய, ஒரே செடியை உயிரோடு வைத்து மீண்டும் மீண்டும் அளப்பதே சிறந்த வழி.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் யானுஷ் பாவ்லிஷின் 1990ஆம் ஆண்டையொட்டி வகுத்த முறை ஒன்று இதற்குப் பெரிதும் உதவியது. ஊசிக்குள் அடங்கும் மெல்லிய இழை ஒன்றின்மேல் குறிப்பிட்ட வேதிப்பொருள்களை ஈர்க்கும் பூச்சைப் பூசுகிறார்கள். அந்த இழையைச் செடியின் தண்டிலோ இலையிலோ, மீனின் முதுகுத் தசையிலோ சற்று நேரம் செருகி எடுத்தால், அங்குள்ள பூச்சிக்கொல்லியில் ஒரு பங்கு இழையில் ஒட்டிக்கொள்ளும். இழையை மட்டும் ஆய்வகத்துக்கு எடுத்துச் சென்றால் போதும். செடி வளர்ந்துகொண்டிருக்கும், மீன் மீண்டும் நீருக்குள் போய்விடும். சீன ஆய்வாளர்கள் இம்முறையில் உயிருள்ள காய்கறிச் செடிகளிலும் மீன்களிலும் பூச்சிக்கொல்லியின் ஏற்ற இறக்கத்தைத் தொடர்ந்து அளந்திருக்கிறார்கள். வயல்நீர் வடிந்து சேரும் நம் கண்மாய்களின் மீன்களை இவ்வாறு அளந்தால் எவ்வளவு செய்தி கிடைக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது வகை, ஒளியைக் கொண்டு அறிவது. 1928இல் சர் சி. வி. இராமன் கண்டறிந்த விளைவே இதன் அடிப்படை. ஒரு பொருளின்மேல் ஒற்றை நிற ஒளியைப் பாய்ச்சினால், சிதறிவரும் ஒளியில் அப்பொருளுக்கே உரிய அடையாளம் பதிந்திருக்கும். பொன், வெள்ளி நுண்துகள்களின் அருகில் அந்த அடையாளம் பன்மடங்கு பெருகும். 2010இல் சீனத்தின் சியாமென் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மெல்லிய உறையிட்ட பொன் நுண்துகள்களை ஆரஞ்சுத் தோலின்மேல் தூவி, அதிலிருந்த பூச்சிக்கொல்லியை அந்த இடத்திலேயே கண்டுகாட்டினார்கள். திருச்சிராப்பள்ளியில் பிறந்த ஒருவரின் கண்டுபிடிப்பு பழத்தோலின் நஞ்சைக் காட்டித் தருகிறது என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி.

மூன்றாவது வகையை நம் நோயாளிகள் பலர் ஏற்கெனவே அறிவார்கள். சர்க்கரை நோயாளிகளின் மேற்கையில் ஒட்டப்படும் சிறு வில்லை ஒன்று உண்டு. தோலுக்கடியில் சில மில்லிமீட்டர் மட்டுமே செல்லும் இழையில் ஓர் என்சைம் பூசப்பட்டிருக்கும். அது சர்க்கரையோடு வினைபுரியும்போது எழும் சிறு மின்னோட்டத்தைக் கருவி அளந்து கைப்பேசிக்குத் தெரிவிக்கும். என்சைமையும் மின்முனையையும் இணைக்கும் இக்கருத்து 1962லேயே பிறந்தது. சர்க்கரைக்குரிய என்சைமுக்குப் பதிலாகப் பூச்சிக்கொல்லியோடு வினைபுரியும் என்சைமை வைத்தால், அதுவே நஞ்சறியும் உணரியாகிறது. 2017இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் ஜோசப் வாங் குழுவினர் இதைக் கையுறையாகவே செய்துகாட்டினார்கள். கட்டைவிரலால் ஒரு பரப்பைத் துடைத்து, உணரி அச்சிடப்பட்ட சுட்டுவிரலோடு சேர்த்தால், ஆர்கனோபாஸ்பேட் இருக்கிறதா என்பதைக் கைப்பேசி சொல்லும்.

இத்தகைய ஆய்வுகளைப் பற்றிய செய்திகளைப் படிக்கும்போது, பெரும்பாலும் ஒரே காட்சியே நம் மனத்தில் எழுகிறது: வீட்டில் பழத்தின்மேல் கருவியை வைத்து, ‘உண்ணலாம்’ என்றோ ‘உண்ணலாகாது’ என்றோ அறியும் நுகர்வோர். அக்காட்சியில் பிழையில்லை. ஆயினும் அது இரண்டாவதாக வர வேண்டிய காட்சி என்பது என் கருத்து. இக்கருவிகள் முதலில் சேர வேண்டிய இடம், மருந்தடிப்பவரின் கையும் அவர் நிற்கும் காடும்தான்.

முதற்காரணம், அளவு. சந்தைக்கு வரும் பழத்தில் எஞ்சுவது பொதுவாக மிகச் சிறிய அளவு. மருந்தடிப்பவரோ கரைக்காத மருந்தைப் புட்டியிலிருந்து அளந்து ஊற்றுகிறார். என் அனுபவத்தில், மாம்பழம் உண்டதால் மூச்சடங்கி வந்தவர் எவரையும் நான் கண்டதில்லை. மருந்தடித்து வந்தவர்களைக் கண்டிருக்கிறேன். எச்சத்தால் நாட்பட வரக்கூடிய தீங்கை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தீ எங்கே எரிகிறதோ அங்கேதான் நீரை முதலில் கொண்டுசெல்ல வேண்டும்.

இரண்டாவது காரணம், பயன். நுகர்வோர் கையில் கருவி இருந்தால் ஒரு பழம் குப்பைக்குப் போகும், அவ்வளவே. தோட்டத்தில் இருந்தால், மாவில் பூக்கும் பருவத்தில் தத்துப்பூச்சிக்குத் தெளித்த மருந்து எவ்வளவு குறைந்திருக்கிறது, அறுவடைக்கு இன்னும் எத்தனை நாள் பொறுக்க வேண்டும், மற்றொரு முறை தெளிப்பது தேவைதானா என்பதையெல்லாம் முடிவு செய்ய உதவும். தெளிப்பு ஒருமுறை குறைந்தால் தொழிலாளிக்கும் நன்மை, உண்பவருக்கும் நன்மை, தேனீக்கும் கண்மாய் மீனுக்கும் நன்மை. நம் ஊர்களுக்கு மேற்கே சாம்பல் நிற அணிலுக்கென்றே சரணாலயமான மலைக்காடு இருக்கிறது. 2021இல் அது திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. அதன் அடிவாரத்தில்தான் நம் மாந்தோப்புகள் உள்ளன. தோப்பில் தெளிப்பது தோப்போடு நிற்பதில்லை.

மூன்றாவது காரணம், நன்றி. நம்மிடம் காயத்துக்குக் கட்டும் துணியை எண்ணிப் பாருங்கள். இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி அத்தகைய கட்டுத்துணிக்குப் பெயர்பெற்ற ஊர். இராசபாளையத்தின் நூற்பாலைகளும், திருவில்லிபுத்தூரில் வேளாண்மைப் பல்கலைக்கழகம் நடத்தும் பருத்தி ஆராய்ச்சி நிலையமும், பருத்தியோடு இவ்வட்டாரத்துக்குள்ள உறவுக்குச் சான்று. பருத்தியோ இந்தியாவில் பூச்சிமருந்து மிகுதியாகத் தெளிக்கப்படும் பயிர்களில் ஒன்று. நம் புண்ணை ஆற்றும் துணிக்குப் பஞ்சு தந்த காட்டில் ஒருவர் நோயுற்றால், அவரைப் பற்றி எண்ணாமல் நம் தட்டிலுள்ள பழத்தைப் பற்றி மட்டும் எண்ணுவது முறையாகாது.

கடந்தகாலம் இதைத்தான் கற்பிக்கிறது. 1958இல் கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் பாரத்தியான் கலந்த உணவுப்பொருளால் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்த பிறகே, பூச்சிக்கொல்லிகளைக் கட்டுப்படுத்தும் முயற்சி தொடங்கி, 1968இல் சட்டமாயிற்று. 2013இல் பீகாரின் சாரண் மாவட்டத்தில் மோனோகுரோட்டோபாஸ் கலந்த மதிய உணவை உண்டு 23 குழந்தைகள் மாண்டனர். 2017இல் மகாராட்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகளும் தொழிலாளர்களும் ஏறத்தாழ இருபது பேர் உயிரிழந்தனர். மோனோகுரோட்டோபாஸின் 36 விழுக்காட்டுத் திரவ வடிவத்துக்கு மத்திய அரசு 2023இல்தான் தடை விதித்தது. ஒவ்வொரு முறையும் இறந்தவர்களை எண்ணிய பின்னரே நாம் அளக்கத் தொடங்கினோம். முன்கூட்டியே அளக்க வழி பிறக்கும் இக்காலத்திலாவது அந்த வரிசை மாற வேண்டும்.

இதற்கு எழக்கூடிய மறுப்புகளையும் நான் அறிவேன். இவற்றில் பெரும்பாலானவை இன்னும் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளிவராதவை என்பது ஒன்று. அது உண்மை. என்சைம்கள் வெப்பத்தில் விரைவில் வலுவிழக்கும். நம் ஊர்ச் சித்திரை வெயில் அவற்றுக்குக் கடுஞ்சோதனை. ஆர்கனோபாஸ்பேட்டை அறியும் உணரி பைரித்ராய்டு வகையை அறியாது; ஆகையால் ‘ஒன்றுமில்லை’ என்று அது காட்டுவதைப் பாதுகாப்புக்குச் சான்றாகக் கொள்ளலாகாது. இன்னொரு மறுப்பு இதைவிட வலியது: உடலில் நஞ்சு ஏறியதைக் கருவி காட்டினால், அத்தொழிலாளியை நாளை முதல் வரவேண்டாம் என்று நிறுத்திவிடுவார்களே? அந்த அச்சம் நியாயமானது. அளவு குறைந்தவருக்குக் கூலி குறையாமல் வேறு வேலை தரும் ஏற்பாடு இல்லையென்றால், எந்தக் கருவியும் அவருக்கு எதிராகவே திரும்பும். கருவியோடு அந்த விதியும் சேர்ந்தே வரவேண்டும்.

ஆனால், கருவி வரட்டும் என்று கைகட்டிக் காத்திருக்கத் தேவையில்லை. இயற்கை நம் குருதியிலேயே ஓர் உணரியை வைத்திருக்கிறது. நஞ்சு தாக்கும் அதே கோலினெஸ்டரேஸின் அளவைச் சிறிதளவு இரத்தத்தில் கண்டறியலாம். ஆர்கனோபாஸ்பேட் ஏறியவருக்கு அது குறையும். நோயுற்று வந்தவருக்கு இச்சோதனையை நாங்கள் வழக்கமாகச் செய்கிறோம். ஆனால் அதன் முழுப்பயன் நோய்க்கு முன்னரே கிடைக்கும். இந்த அளவு ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடும். இயல்பில் உயர்ந்த அளவுடைய ஒருவருக்கு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தாலும் ஆய்வகத் தாளில் ‘இயல்பு’ என்றே வரக்கூடும். ஆகவே, தெளிப்புப் பருவம் தொடங்குமுன் அவரவர்க்குரிய அடிப்படை அளவைக் குறித்துவைத்து, பருவத்தின் நடுவில் மீண்டும் ஒப்பிட வேண்டும்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1974 முதல் இது விதியாக இருந்துவருகிறது. அடிப்படை அளவில் 80 விழுக்காட்டுக்குக் கீழே போனால் வேலைமுறையை ஆராய வேண்டும். சிவப்பணுவில் 70 விழுக்காட்டுக்கோ, குருதிநீரில் 60 விழுக்காட்டுக்கோ இறங்கினால், அளவு மீளும்வரை அவரை அம்மருந்துகளிலிருந்து விலக்கிவைக்க வேண்டும். நம் வட்டாரத்திலும், பருத்தி விதைப்புக்கு முன்னும் மா பூக்கும் முன்னும், மருந்தடிப்போருக்கு இச்சோதனையைச் செய்யும் முகாம்களை ஆரம்பச் சுகாதார நிலையங்களும் மருத்துவமனைகளும் இணைந்து நடத்தலாம். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் முகாம் நடத்தும் நமக்கு இது புதிய வேலையன்று. கல்லீரல் நோய், ஊட்டக்குறைவு, கருவுற்ற நிலை ஆகியவற்றிலும் குருதிநீரின் அளவு குறையலாம் என்பதால், முடிவை மருத்துவரே விளக்க வேண்டும்.

வாசகர்களான உங்களிடமும் சில வேண்டுகோள்கள் உண்டு. உங்கள் குடும்பத்தில் மருந்தடிக்கும் தொழில் செய்பவர் இருந்தால், வேறு எந்த நோய்க்காக வந்தாலும் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். தெளிக்கும்போது முழுக்கைச் சட்டையும் கையுறையும் முகமூடியும் அணியச் செய்யுங்கள்; நனைந்த உடையை உடனே மாற்றி, சோப்பு போட்டுக் குளிக்கச் சொல்லுங்கள்; அவ்வுடையைத் தனியாகத் துவையுங்கள். காலிப் புட்டியை எண்ணெய்க்கோ தண்ணீருக்கோ ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். எச்சில், வியர்வை, தசைத் துடிப்பு, மூச்சுத்திணறல் கண்டால், உடையைக் களைந்து, தோலைச் சோப்பு நீரால் கழுவி, வாந்தி எடுக்க வைக்க முயலாமல், 108ஐ அழையுங்கள். புட்டியையோ அதன் சீட்டையோ உடன் கொண்டுவாருங்கள். சீட்டிலுள்ள சாய்சதுரத்தின் நிறம் நஞ்சின் கடுமையைச் சொல்லும்: சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், நீலம், பச்சை.

மாம்பழத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: ஓடும் நீரில் நன்கு கழுவி, தோலை நீக்கிக் கொடுங்கள். உள்ளே ஊடுருவிய மருந்தைக் கழுவுதல் நீக்காது என்பது மெய்தான்; ஆனாலும் மேற்பரப்பில் உள்ளது குறையும். அச்சத்தால் பழத்தையும் காயையும் அடியோடு விலக்குவது நோயாளிக்கு நன்மையன்று. சர்க்கரை நோயாளிகள் மட்டும், மாம்பழத்துக்கும் பால்கோவாவுக்கும், மருந்து இருக்கிறதோ இல்லையோ, மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

“எனக்கு ஏன் தெரியல?” என்று கேட்ட அந்தத் தொழிலாளிக்கு இன்று நான் ஒரு விடை சொல்ல முடியும்: உங்களுக்குத் தெரியும்படி செய்ய இயலும், நாங்கள்தான் இன்னும் செய்யவில்லை. பழத்தை அளக்கும் நாள் வரட்டும். அதற்குமுன் அவரை அளப்போம்.